வெற்றுவட்டுத் தேர்வும் இல்ல ஒலிப்பதிவுக் காப்பும்

முன்னுரை

ஓலைச்சுவடி நிலையானதன்று என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். செல்லரிக்கும் முன்னர், நுனி முறியும் முன்னர், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்தனர். இன்று நமக்குக் கிடைத்துள்ள பழந்தமிழ் நூல்களின் ஏடுகள் அவற்றை இயற்றிய புலவர்கள் தம் கையால் எழுதியவை அல்ல. படியின் படியாக வந்தவை. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஒரே ஏட்டை நம்பாது பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார் என்பதைப் பதிப்பு வரலாறு பயிலும் மாணவர் அறிவர். ஏடு அழியும், படி வாழும் என்பதே சுவடி மரபு நமக்குக் கற்பித்த பாடம்.

எழுத்துக்கு உரிய இப்பாடத்தை ஒலிக்கு நாம் இன்னும் பொருத்திப் பார்க்கவில்லை. வீட்டிலுள்ள ஒலிநாடாவை, அதாவது கேசட்டை, ஒருமுறை சி.டி. என்னும் குறுவட்டில் ஏற்றிவிட்டால் அது என்றும் அழியாது என்னும் எண்ணம் கற்றவரிடையேயும் உண்டு. அவ்வெண்ணம் பிழையானது என்பதையும், இல்லப் பதிவுகளைக் காக்க விரும்புவோர் வெற்றுவட்டை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லப் பதிவுகளின் அருமை

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. பின்னர் அது தமிழகத்தின் சிற்றூர்களையும் எட்டியது. பாட்டுக் கேட்பதற்காக வாங்கப்பெற்ற டேப்ரிக்கார்டரே பேச்சைப் பதியும் கருவியாகவும் ஆயிற்று. பாட்டியின் தாலாட்டு, திருமண வீட்டுப் பாடல், ஊர்ப் பெரியவர் கூறிய பழங்கதை, பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளை பேசிய பேச்சு எனப் பலவும் பதியப்பெற்றன. இவற்றை எந்நிறுவனமும் வெளியிட்டதில்லை. எக்கடையிலும் மறுபடி வாங்க இயலாது. பெரும்பாலும் உலகில் ஒரே ஒரு படியாக இருப்பவை இவை.

இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது கேசட் கடிதம். வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்றோர், தொலைபேசிக் கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்த 1970களிலும் 1980களிலும், தம் பேச்சைக் கேசட்டில் பதிந்து ஊருக்குத் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பினர். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் மனைவியும் பிறர் வாசிக்கக் கேட்க வேண்டிய நிலையின்றித் தாமே கேட்டனர். தாமே பேசி விடையும் அனுப்பினர். கேசட்டின் விலை கருதி, வந்த கடிதத்தின் மீதே விடையைப் பதிந்தோரும் உண்டு. ஆதலின் எஞ்சியவை சிலவே. வட்டார வழக்கு, உறவுப்பெயர்கள், விளிக்கும் முறை, ஊர்ச்செய்தி ஆகியன எழுத்து வழக்கின் கலப்பின்றி அவற்றில் உள்ளன. கிளைமொழியியலும் நாட்டார் வழக்காற்றியலும் பயில்வோர்க்கு இவை முதன்மைச் சான்றுகள் எனலாம்.

ஒரு பட்டறிவு

என் வாப்பா 1980களில் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பதினொரு கேசட் கடிதங்கள் எங்கள் வீட்டில் இருந்தன. 2004இல் அவற்றைக் குறுவட்டுகளில் ஏற்றினேன். கட்டாக விற்ற, பெயர் அச்சிடப்பெறாத மலிவு வட்டுகளையே அதற்கு வாங்கினேன். ஏற்றியபின் ஒவ்வொன்றும் ஒருமுறை ஓடியது. அதுவே போதும் என எண்ணிப் பத்துக் கேசட்டுகளைக் கழித்துவிட்டேன். ஒன்றை மட்டும் உம்மா தர மறுத்துத் தம் பீரோவில் துணிகளுக்கிடையே வைத்துக்கொண்டார்கள்.

வாப்பாவின் மறைவுக்குப் பின், 2016இல் அவ்வட்டுகளை எடுத்தபோது ஏழு வட்டுகள் இறுதிவரை ஓடவில்லை. தொடக்கம் தெளிவாகக் கேட்டது. நாற்பது நிமிடம் கடந்ததும் விட்டுவிட்டு ஒலித்து நின்றுபோயிற்று. காரணத்தைப் பின்னரே அறிந்தேன். குறுவட்டில் பதிவு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்வது. கேடோ பெரும்பாலும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வருவது. எனவே கடிதத்தின் இறுதிப்பகுதியே முதலில் அழிந்தது. வாப்பா தம் கடிதத்தின் முடிவில்தான் காக்காவையும் ராத்தாவையும் என்னையும் பெயர்சொல்லி அழைத்துத் தனித்தனியே நலம் கேட்பார்கள். ஏழு கடிதங்களில் அப்பகுதி இன்று இல்லை. உம்மா காத்துவைத்த ஒரே கேசட் மட்டும் முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் இறுதிவரை ஓடியது. என் பெயர் அதில் உள்ளது.

அறியாமையால் நேர்ந்த இவ்விழப்பு பிறர்க்கு நேரலாகாது என்னும் எண்ணமே பின்வரும் செய்திகளைத் தொகுக்கத் தூண்டியது.

வட்டின் அமைப்பு

பாடல்களுடன் விற்கப்பெறும் குறுவட்டும் நாம் பதியும் வெற்றுவட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் ஆக்கத்தால் வேறுபடுவன. முன்னது தொழிற்சாலையில் அச்சுக்கொண்டு அழுத்திச் செய்யப்படுவது. ஒலியைக் குறிக்கும் நுண்குழிகள் அதன் பிளாஸ்டிக்கிலேயே பதிந்துள்ளன. அவற்றின்மேல் அலுமினியப் பூச்சு உள்ளது. வெற்றுவட்டில் அத்தகைய குழிகள் இல்லை. 1.2 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட் தகட்டின்மேல் சாயப்படலம், அதன்மேல் ஒளியைத் திருப்பும் உலோகப்படலம், அதன்மேல் மெல்லிய காப்புப்பூச்சு என அடுக்குகள் அமைந்துள்ளன. பதியும் கருவியின் லேசர் கதிர் சாயத்தைச் சுட்டு அடையாளங்களை உண்டாக்குகிறது. படிக்கும்போது குறைந்த ஆற்றலுடைய கதிர் அவ்வடையாளங்களை உணர்கிறது. சூட்டினால் மாறும் இயல்புடைய சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் காலப்போக்கில் மாறவே செய்யும். பதிவுக்கு உதவும் பண்பே அழிவுக்கும் காரணமாகின்றது.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். வட்டின் பளபளப்பான அடிப்பக்கம் கீறினால் நாம் பதறுகிறோம். பெயர் எழுதும் மேற்பக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் குறுவட்டின் சாயமும் உலோகமும் மேற்பக்கத்தை ஒட்டியே உள்ளன. அடிப்பக்கத்துச் சிறு கீறலைத் தேய்த்துச் சரிசெய்தல் கூடும். மேற்பக்கத்துக் கீறல் உலோகப்படலத்தையே பெயர்த்துவிடும், அதற்கு மருந்தில்லை. டி.வி.டி.யில் 0.6 மி.மீ. கனமுள்ள இரு தகடுகளை ஒட்டி, பதிவுப்படலத்தை இடையில் வைத்துள்ளனர். ஆகவே மேற்கீறலினும் வட்டை வளைத்தலே அதற்குத் தீங்கு, ஒட்டு விட்டுப்போகும். உறையிலிருந்து எடுக்கும்போது நடுவிலுள்ள பிடியை அழுத்தி வளையாமல் எடுத்தல் வேண்டும்.

சாயமும் உலோகமும்

வெற்றுவட்டின் உறுதி முதன்மையாக இவ்விரண்டையும் பொறுத்தது. குறுவட்டுகளில் மூவகைச் சாயங்கள் வழங்கின. தொடக்கக் கால வட்டுகளில் இடம்பெற்ற சயனின், ஒளிபட்டால் எளிதில் மங்கும் இயல்பினது. பின்னர் ஓரளவு திருத்தம் பெற்றது. தாலோசயனின் ஏறத்தாழ நிறமற்றது போன்ற வெளிர்பச்சைத் தோற்றமுடையது. ஒளியை நன்கு தாங்குவது. அசோ வகை அடர்நீலமாகத் தோன்றுவது. உலோகத்தைப் பொறுத்தவரை, வெள்ளி ஒளியை நன்கு திருப்பும், விலையும் குறைவு. ஆயின் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் கருக்கும். நம் வீட்டு வெள்ளிக் கொலுசு கருப்பதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. தங்கம் கருப்பதில்லை.

அமெரிக்க அரசின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்பக் கழகமாகிய நிஸ்ட் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தாலோசயனின் சாயத்துடன் தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகப்படலம் பெற்ற குறுவட்டுகள், ஒளி, வெப்பம், ஈரம் ஆகியவற்றை ஏனையவற்றினும் நன்கு தாங்கியமை கண்டறியப்பட்டது. எனினும் தங்கப்படலம் உடைய வட்டுகள் இன்று கடைகளில் எளிதிற் கிடைப்பதில்லை.

சாயமே இல்லாத வட்டுகளும் உள்ளன. எம்-டிஸ்க் என்னும் வகையில் கரிமச் சாயத்துக்கு மாற்றாகக் கனிமப் படலம் உள்ளது. அவ்வகை டி.வி.டி.யில் பதிய, எம்-டிஸ்க்கை ஏற்கும் எனக் குறிக்கப்பெற்ற கருவி வேண்டும். ஆயிரம் ஆண்டு வாழும் என்பது அதனை ஆக்கியோரின் கூற்று. அதனை அவ்வாறே கொள்ளல் தகும். 25 ஜிகாபைட் கொள்ளும் புளூ-ரே வெற்றுவட்டுகளிலும் பொதுவாகக் கனிமப் படலமே உள்ளது. ஆனால் எல்.டி.எச். எனக் குறிக்கப்பெற்றவை கரிமச் சாயம் கொண்டவை. காப்புப் பணிக்கு வாங்குவோர் அக்குறியுடைய புளூ-ரே வட்டை விலக்குதல் நன்று. அழித்து மீண்டும் எழுதத்தக்க ஆர்.டபிள்யூ. வகை வட்டுகள் எவ்வாற்றானும் இப்பணிக்கு உரியன அல்ல. அழிக்கக் கூடியது கைத்தவறாலும் அழியும்.

பெயரும் பிறப்பிடமும்

வட்டின்மேல் உள்ள பெயர் விற்பவருடையது. ஆக்கிய ஆலை வேறாக இருக்கலாம். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆலைகளின் வட்டுகள் வந்துள்ளன. வட்டின் தொடக்கச் சுருளில் ஆக்கியோரின் குறியீடு முன்னரே பதிக்கப்பெற்றுள்ளது. அதனைக் கணினியில் உரிய மென்பொருள் கொண்டு படிக்கலாம். போலிகளும் வந்துள்ளமையால் அக்குறியீட்டையும் முற்ற நம்புதல் இயலாது. ஆயினும் ஒரு தடயமாகக் கொள்ளலாம்.

குறுவட்டு வெற்றுவட்டை 1988இல் உருவாக்கிய ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் 2015ஆம் ஆண்டு இறுதியில் இத்தொழிலிலிருந்து விலகியது. வெர்பாட்டிம் என்னும் பெயர் மிட்சுபிஷி கெமிக்கலிடமிருந்து 2019இல் தைவானின் சி.எம்.சி. மேக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. நம் நாட்டில் நொய்டாவிலிருந்து வட்டுகளை ஆக்கிய மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் ஆணையிடப்பட்டது. சோனி நிறுவனம் புளூ-ரே வெற்றுவட்டு ஆக்கத்தை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. எனவே பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் நல்லது என்று கூறிய பெயரை இன்றும் அவ்வாறே நம்பி வாங்குதல் ஆராய்ச்சியாகாது.

இதனால், பழைய ஜப்பானிய இருப்பைத் தேடி வாங்கலாமே எனச் சிலர் கருதக்கூடும். அதிலும் ஓர் இடர் உண்டு. பதியப்பெறாத வட்டின் சாயமும் முதுமையடையும். பதியாத நிலையில் வெற்றுவட்டின் வாழ்நாள் 5 முதல் 10 ஆண்டுகள் எனக் கொள்ளுமாறு நிஸ்ட் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. பழைய விதைநெல் முளைப்பதை நம்பி வயலை உழுவோர் இல்லை.

நூறாண்டு என்னும் கூற்று

உறையில் நூறாண்டு என அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். நூறாண்டு காத்திருந்து யாரும் சோதித்ததில்லை. மிகு வெப்பத்திலும் மிகு ஈரத்திலும் வட்டுகளைச் சில நூறு மணி நேரம் வைத்து, கேட்டின் விரைவைக் கணித்து, அறை வெப்பத்துக்கு எத்துணை ஆண்டு என உய்த்துணர்வர். உய்த்துணர்ந்த அளவு எந்தச் சூழலுக்கு உரியது என்பதே வினா. வட்டுகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்குமாறு முற்கூறிய வழிகாட்டி அறிவுறுத்துகிறது. நம் கடற்கரை ஊர்களில் கோடைப் பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். காற்றில் ஈரமும் மிகுதி. உறையில் கண்ட ஆண்டுக் கணக்கு நம் ஊர் அலமாரிக்கு எழுதப்பெற்றதன்று என உணர்தல் வேண்டும்.

வாங்குங்கால் நோக்கத்தக்கவை

1. ஒருமுறை மட்டும் எழுதத்தக்க வட்டையே வாங்குக. பெயரற்ற மலிவுக் கட்டைத் தவிர்க்க.

2. ஆக்கிய ஆண்டும் நாடும் உறையில் குறிக்கப்பெற்றிருப்பின் பார்க்க. கண்ணாடி அலமாரியில் வெயில்பட நெடுநாள் இருந்த கட்டை வாங்கற்க.

3. வட்டை விளக்கொளியில் பிடித்துப் பார்க்க. சாயம் ஒரே சீராகப் பரவியிருத்தல் வேண்டும். ஊசித்துளை, குமிழி, மேகம் போன்ற கறை ஆகியன இருப்பின் விலக்குக. குறுவட்டாயின் விளிம்பு வரை காப்புப்பூச்சு மூடியுள்ளதா என நோக்குக. ஈரம் நுழையும் வாயில் விளிம்பே.

4. முதலில் ஐந்து அல்லது பத்து வட்டுகளை வாங்கிப் பதிந்து சோதிக்க. நன்றாயின் அதே தொகுதியிலிருந்து மேலும் வாங்குக.

5. ஒரு பதிவுக்கு இரு படிகள் எடுப்பதாயின் இரண்டையும் வெவ்வேறு ஆலைகளின் வட்டுகளில் எடுக்க. ஒரு தொகுதியின் குறை இரண்டையும் அழிக்காதிருக்க இதுவே வழி.

பதிதலும் சரிபார்த்தலும்

நல்ல வட்டும் தீய பதிவால் கெடும். வட்டு தாங்கும் உச்ச வேகத்தில் பதியாமல் நடுத்தர வேகத்தில் பதிதல் நலம். 16 மடங்கு வேகம் குறிக்கப்பெற்ற டி.வி.டி.யை 8 மடங்கில் பதியலாம். பதிந்ததும் மென்பொருளின் வழியே மூலக் கோப்புடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் கட்டாயம். சுவடி படியெடுத்தோர் மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்த்ததும் இப்பணியே.

காதால் ஒருமுறை கேட்பது சரிபார்ப்பு ஆகாமைக்கு ஒரு காரணம் உண்டு. வட்டில் பிழைதிருத்தும் ஏற்பாடு இயல்பாகவே அமைந்துள்ளது. சில புள்ளிகள் கெட்டாலும் கருவி தானே கணக்கிட்டு நிரப்பிவிடும். நம் செவிக்கு ஒன்றும் தெரியாது. குறுவட்டுத் தரநூல், நொடிக்கு 220 பிழைத்தொகுதி வரை பொறுக்கலாம் என வரம்பிட்டுள்ளது. அதனை நெருங்கும் வட்டும் நன்றாகவே ஒலிக்கும். திருத்தும் ஆற்றல் தீர்ந்த அன்று திடீரென நிற்கும். என் வட்டுகள் 2004இல் நன்றாக ஒலித்தும் நிலையாமற் போனது இவ்வாறே. சில பதிகருவிகளும் அவற்றுக்குரிய மென்பொருளும் இப்பிழை எண்ணிக்கையைக் காட்டவல்லன. அவ்வசதி உடையோர் பதிந்த நாளிலும் ஈராண்டுக்கு ஒருமுறையும் அளந்து எழுதிவைத்தல் நன்று. எண் ஏறுவது கண்டால் வட்டு இறக்கும் முன்னரே புதிய படி எடுக்கலாம்.

பாட்டு வட்டாகப் பதியாமல் கணினிக்குரிய தரவு வட்டாகப் பதிதல் வேண்டும். தரவு வட்டில் கூடுதலாக ஓர் அடுக்குப் பிழைதிருத்தம் உள்ளது. கோப்பு வேவ் வடிவில் இருத்தல் வேண்டும், எம்.பி.3 வடிவம் ஒலியின் ஒரு பகுதியைக் களைந்து சுருக்குவதாதலின் கேட்பதற்கு மட்டும் ஆகும். குறுவட்டின் தரத்தில் பதிந்த 60 நிமிடக் கேசட் ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். ஒரு குறுவட்டில் அடங்கும். 90 நிமிடக் கேசட் அடங்காது. ஒலி ஆவணக் காப்பாளர்களின் பன்னாட்டுச் சங்கமாகிய ஐ.ஏ.எஸ்.ஏ. பரிந்துரைக்கும் குறைந்த அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஆகும். அத்தரத்தில் 60 நிமிடம் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் வரும், 4.7 ஜிகாபைட் டி.வி.டி. ஒன்றில் அத்தகைய நான்கு கேசட்டுகள் அடங்கும்.

பேணும் முறை

வட்டை விளிம்பிலும் நடுத்துளையிலும் மட்டும் பிடித்தல் வேண்டும். கரைப்பான் கலந்த மார்க்கர் மை பூச்சினூடே இறங்கும். நீர்மை கொண்ட பேனாவால், நடுவில் உள்ள தெளிந்த வளையத்தில் எழுதுவதே நன்று. ஒட்டுத்தாள் ஒட்டலாகாது. தூசியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும். வட்டமாகத் துடைத்தல் கூடாது. கெட்டி உறையிலிட்டு, புத்தகம் போல் நிறுத்தி, வெயில் படாத உள்ளறையில் வைத்தல் வேண்டும். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் மொட்டைமாடி அறையும் ஆகா. உறையில் பேசுவோர் பெயர், ஊர், ஆண்டு, பேசப்பெற்ற செய்தி ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். பேசுவோர் யார் எனத் தெரியாத பதிவு, நூற்பெயர் இழந்த ஏட்டுக்கு ஒப்பாகும்.

வட்டு ஒன்றே போதுமா?

போதாது என்பதே விடை. மடிக்கணினிகள் இன்று பெரும்பாலும் வட்டுக் கருவி இன்றியே வருகின்றன, யு.எஸ்.பி. வழியே இணைக்கும் கருவியைத் தனியே வாங்க வேண்டியுள்ளது. வட்டு நூறாண்டு வாழினும் அதனைப் படிக்கும் கருவி அதுவரை இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே வட்டில் ஒன்று, ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டில் ஒன்று, வேறூரில் வாழும் உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று படிகளேனும் வேண்டும். ஒரே பீரோவில் உள்ள மூன்று படிகளை வெள்ளம் வந்தால் ஒன்றாகவே எண்ணுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, மூலக் கேசட்டைக் கழிக்காதிருத்தல். அதன் பின்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்குகளை ஒடித்துவிட்டால் தவறுதலாகவும் அதன்மேல் பதிய இயலாது. இன்று எடுத்த படியினும் நாளை மேலான கருவியால் சிறந்த படி எடுக்க அது உதவும்.

முடிவுரை

நல்ல வெற்றுவட்டு என்பது நல்ல பெயருடையது மட்டும் அன்று. ஒருமுறை எழுதத்தக்கது, புதிதாக ஆக்கப்பெற்றது, சீரான படலமுடையது, பதிந்தபின் சோதித்துத் தேறியது, துணைப்படி உடையது ஆகிய இயல்புகள் கூடியதே நம்பத்தக்க வட்டு. அதுவும் மூலத்தின் இடத்தை நிரப்பாது. படிகளின் வரிசையில் ஒரு படியாகவே நிற்கும்.

நம் துறை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் வீட்டுப் பரணையும் பீரோவையும் தேடிப் பாருங்கள். ஒரு கேசட்டேனும் கிடைத்தால், அதில் பேசுவோர் யார் எனக் கூறவல்ல பெரியவர் இருக்கும்போதே, அவரை அருகில் அமர்த்திக் கேட்டு எழுதிவையுங்கள். பெரியோர்களும் தம்மிடம் உள்ளவற்றைப் பயனற்றவை எனக் கழித்துவிடாமல் பிள்ளைகள் கையில் ஒப்படைத்தல் வேண்டும். அன்று உம்மா கேசட்டைத் தர மறுத்தபோது, பழையதைக் கட்டி வைத்திருக்கிறார்களே எனச் சலித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஆவணக் காப்பு அறிந்தவர் அவர்கள் ஒருவரே என்பதை உணர எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.